மகனுக்கு ஒரு பள்ளி, மகளுக்கு ஒரு பள்ளி

ஜூன் மாதம் பிறந்தால் நடுத்தரக் குடும்பங்களில் கவலையும் கூடவே பிறந்து விடுகிறது. பள்ளிக் கட்டணம், சீருடை, புத்தகம், நோட்டு, பஸ் செலவு, டியூஷன் என்று செலவுகள் வாசலில் வரிசையாக நிற்கின்றன. வருவாய் ஒன்று, பிள்ளைகள் இரண்டு அல்லது மூன்று. எல்லாருக்கும் எல்லாவற்றையும் செய்துவிட முடியாது. யாருக்காவது கொஞ்சம் குறைத்தே ஆக வேண்டும். யாருக்குக் குறைப்பது?

இந்தக் கேள்விக்கு நம் நாட்டுக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக ஒரே விடையைத்தான் சொல்லி வந்திருக்கின்றன. "அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு?" என்று வெளிப்படையாகக் கேட்ட காலம் மலையேறி விட்டது. இன்று அப்படிக் கேட்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் வாயால் கேட்பதை நிறுத்தியவர்கள் பர்ஸைத் திறக்கும்போதும் அதை மறந்து விட்டார்களா என்பதுதான் பிரச்னை.

பாரத நாட்டில் 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது பெண்களில் நூற்றுக்கு 9 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. ஆண்களில் 27 பேர். முப்பது ஆண்டுகள் கழித்து 1981இல் பெண்கள் 30, ஆண்கள் 56. 2011இல் பெண்கள் 65, ஆண்கள் 81. ஏற்றம் பெரிதுதான், மறுப்பதற்கில்லை. என்றாலும் அறுபது ஆண்டுகள் ஓடிய பிறகும் இடைவெளி முழுவதும் மூடவில்லை. பள்ளியைக் கட்டுவது சர்க்கார். பள்ளிக்கு அனுப்புவது குடும்பம். ஆகவே குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கைப் புரட்டிப் பார்க்காமல் இந்த இடைவெளியைப் புரிந்து கொள்ள முடியாது.

கணக்கில் சிக்காத பாகுபாடு

வேடிக்கை என்னவென்றால், பொருளாதார அறிஞர்கள் நெடுங்காலம் இந்தக் கணக்கைப் புரட்டிப் பார்த்தும் அவர்கள் கண்ணில் பாகுபாடு சரியாகப் படவில்லை!

ஆங்கஸ் டீட்டன் என்ற அறிஞர், பின்னாளில் 2015இல் நோபல் பரிசு பெற்றவர், 1989இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால் பெற்றோர் தங்கள் சொந்தச் செலவைச் சுருக்கிக் கொள்கிறார்கள். புகையிலை, மது, தங்கள் உடுப்பு இவற்றில் கை வைக்கிறார்கள். ஆண் குழந்தைக்காக அதிகமாகவும் பெண் குழந்தைக்காகக் குறைவாகவும் சுருக்கினால் அதுவே பாகுபாட்டுக்குச் சாட்சி. இந்த யோசனையை வைத்துக் கொண்டு ஐவரி கோஸ்ட், தாய்லாந்து ஆகிய இரு நாடுகளின் குடும்பச் செலவுக் கணக்குகளை அவர் அலசினார். குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏதும் சிக்கவில்லை. பெண்களின் நிலை தாழ்ந்து கிடப்பதைக் கண்ணால் பார்க்க முடிந்த இடங்களிலும், இம்மாதிரி ஆய்வுகளின் கணக்குகள் பெரும்பாலும் கையை விரித்தன.

இந்தப் புதிருக்கு ஒரு நல்ல விடையைச் சொன்னவர் கீதா கிங்டன் என்ற கல்விப் பொருளாதார அறிஞர். தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆராய்ச்சிக் குழு 1994இல் 16 மாநிலங்களின் கிராமங்களில் எடுத்த கணக்கெடுப்பை அவர் பயன்படுத்தினார். அதில் குடும்பத்தின் மொத்தச் செலவு மட்டுமல்ல, ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன செலவு என்பதும் தனித்தனியாக இருந்தது. 2005இல் அவர் வெளியிட்ட முடிவு எளிமையானது. கல்விச் செலவு என்பது ஒரு முடிவு அல்ல, இரண்டு முடிவுகள். பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது முதல் முடிவு. அனுப்பினால் எவ்வளவு செலவழிப்பது என்பது இரண்டாவது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு கிராமத்தில் பத்துப் பையன்களும் பத்துப் பெண்களும் இருக்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். பையன்களில் ஒன்பது பேர் பள்ளிக்குப் போகிறார்கள். பெண்களில் ஆறு பேர்தான். பள்ளிக்கு வந்துவிட்ட அந்த ஆறு பெண்களும் ஓரளவு வசதியும் அக்கறையும் உள்ள வீட்டுப் பெண்கள். அவர்களுக்கு ஆகும் செலவு பையனுக்கு ஆகும் செலவை விடக் குறைவாக இராது. சில சமயம் கூடுதலாகவும் இருக்கும். இரண்டு முடிவுகளையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினால் ஒன்றின் அநீதியை மற்றொன்று மறைத்து விடும். ஏட்டில் சமத்துவம், வீட்டில் நாலு பெண்கள் அடுப்படியில்! கிராமப்புற இந்தியாவில் அந்நாளில் பாகுபாடு பள்ளி வாசலிலேயே முடிந்து விட்டது என்பதுதான் அவர் கண்ட உண்மை. அண்டை நாடான பாகிஸ்தானிலோ இரண்டு படிகளிலுமே பெண் பின்தள்ளப்பட்டாள் என்று அவரும் மற்றோர் ஆய்வாளரும் 2008இல் எழுதினார்கள்.

வாசலைத் தாண்டிய பிறகு

இப்போது நிலைமை மாறி விட்டதா? மாறியிருக்கிறது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்ற சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கிராமங்களில் வீடு வீடாகச் சென்று எடுக்கப்படும் 'அசர்' கணக்கெடுப்பின்படி, 2006இல் 11 முதல் 14 வயதுப் பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் பள்ளியில் இல்லை. 2022இல் அது நூற்றுக்கு இரண்டாகக் குறைந்து விட்டது. 15, 16 வயதுப் பெண்களில் 2008இல் ஐந்தில் ஒருவருக்கு மேல் பள்ளியை விட்டிருந்தார்கள். 2022இல் நூற்றுக்கு எட்டு. கல்லூரிகளிலும் அப்படியே. 2021-22இல் உயர்கல்வியில் சேர்ந்திருந்த 4 கோடியே 33 லட்சம் பேரில் பெண்கள் 2 கோடியே 7 லட்சம். மருத்துவப் படிப்புக்கான 'நீட்' தேர்வுக்கு மனுப் போடுகிறவர்களில் இப்போது பாதிக்கு மேல் பெண்கள்தாம்.

அப்படியானால் பிரச்னை தீர்ந்ததா? தீரவில்லை. வாசலில் நின்றது உள்ளே போய் உட்கார்ந்து கொண்டது.

2005இல் எடுக்கப்பட்ட அகில இந்தியக் குடும்பக் கணக்கெடுப்பை வைத்து மெஹ்தபுல் ஆசாமும் கிங்டனும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டுகிறது. சின்னக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதில் இருந்த பாகுபாடு பெரும்பாலும் மறைந்து விட்டது. ஆனால் வயது ஏற ஏற அது மறுபடி தலைகாட்டுகிறது. அது மட்டுமல்ல, புதிய வழி ஒன்றும் தோன்றியிருக்கிறது. பையனைத் தனியார் பள்ளியிலும் பெண்ணைச் சர்க்கார் பள்ளியிலும் சேர்ப்பதுதான் அந்த வழி.

இதில் எவ்வளவு பணம் அடங்கியிருக்கிறது? மத்திய அரசின் புள்ளியியல் துறை 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாடு முழுவதும் 52,000க்கு மேற்பட்ட குடும்பங்களில் விசாரித்தது. சர்க்கார் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளைக்குக் குடும்பம் ஆண்டுக்குச் சராசரி 2,863 ரூபாய் செலவிடுகிறது. மற்றப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைக்கு 25,002 ரூபாய். ஏறத்தாழ ஒன்பது மடங்கு! ஆக, "இரண்டு பேரும்தான் படிக்கிறார்கள்" என்று ஒரு தகப்பனார் சொன்னால் அது பொய் அல்ல. ஆனால் ஒருவர் படிப்பு மூவாயிரம் ரூபாய்ப் படிப்பு, மற்றவர் படிப்பு இருபத்தைந்தாயிரம் ரூபாய்ப் படிப்பு என்றால் அதைச் சமம் என்று எப்படிச் சொல்வது?

டியூஷன் கதையும் இதுதான். அதே கணக்கெடுப்பின்படி மாணவர்களில் நூற்றுக்கு 27 பேர் தனிப் பயிற்சிக்குப் போகிறார்கள். நகரத்தில் மேல்நிலை வகுப்பு மாணவருக்கு இதற்காக ஆகும் செலவு ஆண்டுக்குச் சராசரி பத்தாயிரம் ரூபாயை நெருங்குகிறது. இந்தப் பணம் வருவது எங்கிருந்து? 100 மாணவர்களில் 95 பேருக்குப் படிப்புச் செலவைத் தாங்குவது முதன்மையாகக் குடும்பம்தான். சர்க்காரின் சட்டமோ ஆணையோ அந்தப் பர்ஸுக்குள் நுழைய முடியாது.

பெற்றோர் கொடியவர்களா?

மகள் மீது பாசம் இல்லாத தாய் தந்தையர் நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்? மிகச் சொற்பம். பின் ஏன் இந்த ஓரவஞ்சனை?

முதல் காரணம், கலியாணம். பெண் புகுந்த வீட்டுக்குப் போகிறவள். பையன் கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றுகிறவன் என்பது ஊறிப்போன எண்ணம். மகளைப் படிக்க வைப்பது பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது போல என்று வடக்கிலும் சொல்கிறார்கள், தெற்கிலும் சொல்கிறார்கள். முதியோருக்குப் போதிய ஓய்வூதியம் இல்லாத நாட்டில் பிள்ளைதான் பென்ஷன். அந்தப் பென்ஷனுக்கு மாதாமாதம் கட்டும் சந்தாதான் பையனின் பள்ளிக் கட்டணம்.

இரண்டாவது காரணம், வரதட்சிணை. தடைச் சட்டம் வந்தது 1961இல், வழக்கம் போகவில்லை. பட்டம் பெற்ற பெண்ணுக்கு அதைவிடப் பெரிய பட்டம் பெற்ற மாப்பிள்ளை வேண்டும். அவன் விலையும் பெரிது. ஆகவே பெண்ணைப் படிக்க வைக்கவும் செலவு, படித்த பெண்ணைக் கட்டிக் கொடுக்கவும் செலவு என்று கணக்குப் போடுகிறார்கள். கல்லூரிக்குப் போக வேண்டிய பணம் நகைச் சீட்டுக்குப் போய் விடுகிறது.

மூன்றாவது, வேலை. படித்த பையனுக்கு வேலை கிடைக்கும் என்று பெற்றோர் நம்புகிறார்கள். பெண்ணுக்குக் கிடைக்கும் என்று நம்புவதில்லை. நம்பிக்கை வந்தால் மனம் மாறும் என்பதற்கும் சான்று உண்டு. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர், டெல்லியைச் சுற்றியுள்ள மாநிலங்களின் கிராமங்கள் சிலவற்றுக்கு, தொலைபேசிச் சேவை நிறுவனங்களுக்கு ஆள் எடுப்பவர்களை மூன்று ஆண்டுகள் அனுப்பி, அங்குள்ள இளம் பெண்களுக்கு வேலை தேடித்தர ஏற்பாடு செய்தார். அந்தக் கிராமங்களில் இளம் பெண்களின் கலியாணம் தள்ளிப் போயிற்று. பள்ளி வயதுச் சிறுமிகள் அதிகமாகப் பள்ளியில் நின்றார்கள். ஒரு கட்டிடமும் புதிதாகக் கட்டப்படவில்லை. ஓர் ஆசிரியரும் கூடுதலாக வரவில்லை. அக்கம்பக்கத்துப் பெண் சம்பளம் வாங்குவதைக் கண்டதே போதுமானதாக இருந்தது.

நான்காவது, தூரம். ஆரம்பப் பள்ளி தெருவிலேயே இருக்கும். உயர்நிலைப் பள்ளி அடுத்த ஊரில் இருக்கும். வயது வந்த பெண்ணைத் தனியே அனுப்ப அஞ்சும் பெற்றோரைக் குறை சொல்வதற்கில்லை. இலவசக் கல்விச் சட்டம் 14 வயதோடு நின்று விடுகிறது. கட்டணம் ஏறுவதும், தூரம் கூடுவதும், பெண்ணுக்கு வயது வருவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. எட்டாம் வகுப்புக்குப் பின் பெண்கள் உதிரத் தொடங்குவதற்கு இதுதான் காரணம்.

அக்காமார் நால்வர், தம்பி ஒருவன்

வெளிப்படையான ஓரவஞ்சனை சிறிதும் இல்லாத வீட்டிலும் பெண்ணுக்குக் குறைவாகவே கிடைக்கும் என்பது பலர் எண்ணிப் பார்க்காத ஒன்று.

ஆண் குழந்தை வேண்டும் என்று காத்திருக்கும் வீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பெண்கள் பிறந்து கொண்டே இருக்கும். பையன் பிறந்தவுடன் நிறுத்தி விடுவார்கள். முதலிலேயே பையன் பிறந்த வீடு சின்னதாக இருக்கும். இதன் விளைவு என்ன? நாட்டை மொத்தமாகப் பார்த்தால் பெண் பிள்ளைகள் பெரிய குடும்பங்களிலும், ஆண் பிள்ளைகள் சிறிய குடும்பங்களிலும் வளர்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பணத்தைச் சரிசமமாகப் பங்கிட்டாலும் பெண்ணின் பங்கு சிறிதாகவே இருக்கும். மத்திய அரசின் 2017-18ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை, மகனை எதிர்பார்த்த வீடுகளில் வேண்டாமல் பிறந்த பெண்கள் 2 கோடியே 10 லட்சம் பேர் இருப்பார்கள் என்று மதிப்பிட்டது. அந்தக் குழந்தைகள் செய்த குற்றம் முன்வரிசையில் பிறந்தது ஒன்றுதான்.

பணத்தைப் போல நேரமும் ஒரு செலவு. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண் அதற்காக ஒரு நாளில் 299 நிமிஷங்கள் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிஷங்கள். அதுவும் பெண்களில் ஐந்தில் நாலு பேர் வீட்டு வேலை செய்கிறார்கள். ஆண்களில் நாலில் ஒருவர்தான். தண்ணீர் பிடிப்பது, தம்பியைப் பார்த்துக் கொள்வது, பாத்திரம் துலக்குவது எல்லாம் பெண்ணின் படிப்பு நேரத்திலிருந்து கழிகின்றன. பரீட்சைக்கு முந்தின நாள் மாலையில் பையன் கையில் புத்தகம் இருக்கிறது. பெண் கையில் துடைப்பம் இருக்கிறது. இந்தச் செலவு எந்தக் குடும்பத்தின் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

சைக்கிள் செய்த வேலை

நோய் பழையது என்றாலும் மருந்து இல்லாத நோய் அல்ல. கல்வியில் மிகவும் பின்தங்கிய மாநிலம் என்று பெயரெடுத்த பீகாரிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 2006இல் அந்த மாநில அரசு, ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோர் இதை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 சதவீதம் உயர்ந்தது. ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கிராமங்களில்தான் பலன் அதிகம். ஒரு சைக்கிள் தூரத்தையும் அச்சத்தையும் ஒருசேரக் குறைத்தது. ஊர்ப் பெண்கள் கூட்டமாகச் சைக்கிளில் போவது வழக்கமான காட்சியாகி விட்டால் தனியே போகும் அச்சம் ஏது?

வங்காள தேசம் 1994 முதல் கிராமப்புற உயர்நிலைப் பள்ளிப் பெண்களுக்கு நாடு முழுவதும் உதவித்தொகை கொடுத்தது. மேற்கு வங்காளம் 2013இல் 'கன்யாஸ்ரீ' திட்டத்தைத் தொடங்கியது. படிக்கும் பெண்ணுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை. கலியாணம் செய்து கொள்ளாமல் 18 வயதிலும் படித்துக் கொண்டிருந்தால் மொத்தமாக 25,000 ரூபாய்.

சொத்துரிமைக்கும் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989இலும், மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் 1994இலும், நாடு முழுவதற்கும் 2005இலும் வந்தது. மகாராஷ்டிரம், கர்நாடகம் இரண்டையும் ஆராய்ந்தவர்கள், சட்டத்துக்குப் பின் பெண்களின் படிப்பும் திருமண வயதும் கூடியதைக் கண்டார்கள்.

மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில் கண்டது இன்னும் சுவையானது. பஞ்சாயத்துத் தலைவர் பதவி பெண்ணுக்கென்று இரண்டு முறை தொடர்ந்து ஒதுக்கப்பட்ட கிராமங்களில் வளரிளம் ஆண் பெண்களிடையே படிப்பில் இருந்த வேற்றுமை அடியோடு மறைந்து விட்டதாக எஸ்தர் டுஃப்லோ முதலானோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதை ஊர் பார்த்தது; தங்கள் மகளும் அப்படி உட்காரலாம் என்று பெற்றோருக்குத் தோன்றியது.

வெளி மாநிலத் தமிழர் கவனிக்க

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்து வாழும் தமிழர்களுக்கு இந்த விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். தமிழ்நாட்டு அரசு 2022 முதல் நடத்தி வரும் புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் அது தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்குத்தான். மும்பையிலோ பெங்களூரிலோ படித்த தமிழ்ப் பெண்ணுக்கு அது எட்டாது. ஆகவே வாழும் மாநிலத்தின் சலுகைகளை விசாரித்து அறிவது பெற்றோரின் கடமை. மகாராஷ்டிர அரசு 2024-25 முதல், ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளாதாரத்தில் நலிந்த, பிற்பட்ட குடும்பங்களின் பெண்களுக்குத் தொழிற்கல்விக் கட்டணத்தை முழுவதும் தள்ளுபடி செய்திருக்கிறது. கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் பெண்களுக்கு அரசுப் பஸ்களில் இலவசப் பயணம். இம்மாதிரி சலுகைகளுக்கு இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று என்று காகிதங்கள் தேவைப்படும். கடைசி நேரத்தில் ஓடுவதை விட, பெண் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே அவற்றைச் சேர்த்து வைப்பது நல்லது.

சலுகை என்ற பெயரில் நேரும் இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும். "பெண்ணுக்குச் சர்க்கார் எல்லாம் இலவசமாகக் கொடுக்கிறதே" என்று காரணம் சொல்லி அவளை இலவசத்தில் விட்டு, மிச்சப்பட்ட பணத்தைப் பையனின் ஆங்கிலப் பள்ளிக்குக் கட்டினால், சர்க்கார் கொடுத்த உதவி பெண்ணுக்குப் போய்ச் சேரவில்லை, பையனுக்குத்தான் போயிற்று. தமிழ் வழிப் பள்ளியோ மாநகராட்சிப் பள்ளியோ மட்டமானது என்பதல்ல இதன் பொருள். நல்லது என்று நம்பினால் இரண்டு பிள்ளைகளையும் அங்கே சேர்க்கலாம். மகளுக்கு மட்டும் அது போதும் என்று தோன்றினால் குறை பள்ளியில் இல்லை, எண்ணத்தில் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க எந்த நிபுணரும் வேண்டாம். ஒரு காகிதத்தில் நடுவே கோடு கிழித்து, இந்த ஆண்டு மகனுக்காகக் கட்டிய கட்டணம், டியூஷன், புத்தகம், பஸ் செலவு ஆகியவற்றை ஒரு பக்கமும் மகளுக்காகக் கட்டியதை மறுபக்கமும் எழுதிக் கூட்டிப் பார்த்தால் போதும். அதன் கீழே, மாலை நேரத்தில் யார் எத்தனை மணி நேரம் படித்தார்கள், யார் எத்தனை மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். இரண்டு தொகைகளும் ஏறக்குறைய சமமாக வந்தால் அந்த வீட்டைப் பாராட்டலாம். வராவிட்டால், அடுத்த ஜூன் மாதம் பிறப்பதற்குள் திருத்திக் கொள்ள இன்னும் அவகாசம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கோ ஒன்பதாம் வகுப்பு ஒரு முறைதான் வரும்.